இராசமலர் அழித்த சுவர்

இராசமலருக்கு இந்த உலகத்தில் ஆகாத ஆட்கள் ஒரே ஒரு சாதிதான்: சுவரில் கிறுக்குகிறவர்கள். அவளும் புருசன் சபாரத்தினமும் நியூசிலாந்தின் தகனினியில் டெயரி, அதாவது பால், பாண் விற்கும் தெருமுனைக் கடை, போட்டுப் பதினாறு வருசம். கடைக்கு மேலே வீடு. இரண்டு மாடி உயரப் பக்கச்சுவர் தெருவைப் பார்த்து மொட்டையாக நிற்கும். எவனாவது வந்து ஸ்ப்ரே பெயின்டால் எதையாவது கீறிவிட்டுப் போவான். காலை ஆறரைக்கு இராசமலர் சாம்பல் பெயின்ட் வாளியும், நீளத் தடியில் மாட்டிய ரோலருமாக இறங்கிவிடுவாள். ஏழு மணிக்குச் சுவர் பழையபடி மொட்டை. அதற்குப் பிறகுதான் பால் வியாபாரம்.

அவர்களிலும் ஒருவன் மேல் அவளுக்குத் தனிக் கோபம். வால் வைத்த நட்சத்திரம் ஒன்றை ஒரே இழுப்பில் கீறிவிட்டுப் போகிறவன். ஐந்து வருசம் அவன் கீற இவள் அழிக்க, இவள் அழிக்க அவன் கீற என்று போனது. பிறகு திடீரென்று நின்றுவிட்டான். "பிடிச்சு உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள். நல்லா வேணும்!" என்றாள். ஆனாலும் சில காலைகளில் அந்த நட்சத்திரத்தைக் காணாமல் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வாளா என்ன?

சுவர் முழுக்க ஓவியம் வரைந்துவிட்டால் தொல்லை ஒழியும் என்று உள்ளூர்ச் சபை முடிவெடுத்து, அமெரிக்காவிலிருந்து சுவரோவியக்காரி வெர்னா கலாகரைக் கூப்பிட்டது. வயது எழுபத்தொன்று. ஒஹாயோவில் அப்பாவின் டயர் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதத் தொடங்கியவள். பத்தொன்பது வயதில் ஒரு தக்காளித் தொழிற்சாலைச் சுவர் கிடைத்ததாம். முதலாளி தன் முகம் வரும் என்று காத்திருக்க, வெர்னா தக்காளி வெட்டுகிற பெண்களை மூன்று மாடி உயரத்துக்கு வரைந்துவிட்டாள். முதலாளி குதித்தார், பெண்கள் அழுதார்கள், ஊரே திரண்டு வந்து பார்த்தது. அடுத்த சுவர் தானாகத் தேடி வந்தது. பிறகு துல்சா, கலிபோர்னியாவின் ஓக்லாந்து, எல் பாசோ என்று ஐம்பது வருசம். நடுவில் இரண்டு கல்யாணம். ஏணி பிடித்தே இரண்டு பேரும் களைத்துப் போய்விட்டார்களாம். இதுவரை தொண்ணூற்றேழு சுவரோ தொண்ணூற்றெட்டோ, எண்ணிக்கை அவளுக்கே பிடிபடவில்லை. ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. வலது பக்க மூலையில் அந்த ஊர்க்காரர் யாராவது தன் கையால் ஒரு குறி போட வேண்டும். அவள் வழக்கம் அது.

இதையெல்லாம் இராசமலரின் குழல்புட்டைக் கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"இதுதான் என் கடைசிச் சுவர். ஊருக்குப் போனதும் வலது தோளில் ஆபரேஷன். அதற்குப் பிறகு தலைக்கு மேலே கை எழும்பாது. இதை அரைகுறையாக விட்டுவிட்டுப் போனால் எனக்குச் சாவுகூட நிம்மதியாக வராது," என்றாள் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. இராசமலருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு புட்டை எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை இராசமலர் எப்சமில் இருக்கும் மகள் பிரணவி வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு, வியாழன் காலை ஆறரைக்கு வந்து காரை நிறுத்தினாள். மேலிருந்து கீழ்வரை சுவர் முழுக்கக் கிறுக்கல். முட்டை, குடை, கண், அம்புக்குறி, மீசை, பூனை! பதினாறு வருசத்தில் இப்படியொரு அநியாயத்தை அவள் கண்டதில்லை. அமெரிக்காக்காரி வந்து பார்த்தால் மானம் போய்விடுமே! வாளியை எடுத்தாள், தடிக்கு மேல் தடி பூட்டினாள், எட்டாத இடத்துக்கு வீட்டு ஜன்னலால் தொங்கி அடித்தாள். எட்டரைக்கு வெர்னா வந்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது, இராசமலர் பெருமையோடு ரோலரை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

வெர்னா பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

அவ்வளவு பெரிய சுவரில் பக்கத்தில் நின்று வரைகிறவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அதனால் வெர்னா ஒன்றைப் போல் ஒன்று இல்லாத கிறுக்கல்களைச் சுவர் முழுக்கப் போட்டுக் கைபேசியில் படம் பிடித்து, அந்தப் படத்தின் மேல் தன் ஓவியத்தைப் பொருத்திக்கொள்வாள். மூக்கு எங்கே வரும்? முட்டைக்கும் குடைக்கும் நடுவில். நேற்று மூன்று மணி நேரம் கையைத் தூக்கித் தூக்கிப் போட்ட குறிகள் அவை. இன்றைக்குத் தோள் அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை விமானம். ஒரு நாள் தவறினாலும் சுவர் முடியாது.

இராசமலர் கடைக்குள் பாய்ந்தாள். "இஞ்சேருங்கோ! அந்த மனுசி உங்களிட்டை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவதான். ஏதோ அடையாளம் போடுறன் எண்டு. ரீவியிலை கிரிக்கெட் மெச் நடந்துகொண்டிருந்தது, நான் ஓம் ஓம் எண்டனான்," என்றார் சபாரத்தினம்.

"உங்கட ஓமிலை நெருப்பை வைக்க!"

உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து வெர்னாவின் தோளில் வைத்தாள். "நான் செய்தது. நானே திரும்பப் போடுறன்," என்று தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். போட்டாள் பாருங்கள்: வட்டம், வட்டம், வட்டம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. வெர்னா தலையில் கை வைத்தாள். "இது பட்டாளம் மாதிரி நிற்கிறதே! எனக்குக் குழப்பம் வேண்டும்."

குழப்பம் தன்னிடம் இல்லை என்பது இராசமலருக்கே தெரியும். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் தாராளமாக இருந்தது. "கீறினாத்தான் பால்!" என்று வாசலில் நின்று சட்டம் போட்டாள். பஸ் சாரதி ஒரு செருப்பு வரைந்தார். சமோவாத் தேவாலயத்துப் பெண்மணி தொப்பி வரைந்தார். மோட்டர்வேயில் வேலைக்கு ஓடவேண்டிய வரதராஜன் தயங்கி நின்றான்.

"ஆன்ட்டி, ஃபைன் கியின் போட்டுட மாட்டாங்களே?"

"நான் போடாட்டி ஒருத்தரும் போடமாட்டினம். கீறும்!"

அவன் தோசையை வரைந்தான். அவன் மனைவி ரத்னா அதற்குப் பக்கத்தில் சட்னி வைத்தாள். பத்து மணிக்குள் தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. கீழ்ப் பாதி நிறைந்தது. மேல் பாதிக்கு, வெர்னாவுக்காகச் சபை கொண்டுவந்து நிறுத்தியிருந்த தூக்குமேடை லிஃப்டில் ஏற வேண்டும். அனுமதி அட்டை இல்லாதவர்கள் ஏறக் கூடாது.

அப்போதுதான் திலக்சன் காலைச் சாப்பாட்டுக்கு இறைச்சி 'பை' ஒன்று வாங்க வந்தான். இருபத்தொன்பது வயது, சாரம் கட்டுகிற வேலை, கைக்குழந்தைக்காரன், இராசமலரின் கணக்கில் தகனினியிலேயே தங்கமான பிள்ளை. லிஃப்ட் அட்டை அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஏறு தம்பி, உனக்குப் புண்ணியம்!"

ஏறினான். முதலை போட்டான், குளிர்கண்ணாடி போட்டான், கை சூடு பிடித்தது. உச்சியில், யோசிக்காமல், ஒரே இழுப்பில் ஒரு நட்சத்திரம். அதற்கு வால்.

கீழே இராசமலரின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தரையில் விழுந்தது.

"திலக்சன்! நீயோடா!"

அவன் தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "அன்ரி... அது முந்தி... சின்ன வயசிலை..."

"இந்த ஊரிலை வேற சுவர் இல்லையோ உனக்கு?"

"மற்ற ஆக்கள் மாசக்கணக்கா அதைப் பார்க்கவே மாட்டினம், அன்ரி. நீங்கள் மட்டும்தான் ஒவ்வொரு நாளும் பார்த்தனீங்கள். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போகேக்கை வந்து பார்ப்பன், ஒருநாளாவது விட்டு வைச்சிருப்பீங்களோ எண்டு."

இராசமலருக்குக் கோபம் தொண்டை வரை வந்தது உண்மை. கூடவே வேறென்னவோவும் வந்து கண்ணைக் கரித்தது. திரும்பிப் பார்த்தாள். பட்டாணிப் பொட்டலத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு வெர்னா அண்ணாந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிப்பாட்டினனீ?" என்று கத்தினாள் இராசமலர். "இடப்பக்கம் வெறுமையாக் கிடக்கு. கீறு!"

மத்தியானம் சுவர் நிறைந்தது. வெர்னா படம் பிடித்தாள். வெள்ளிக்கிழமை காலை தோள் கொஞ்சம் இளகியது. ஓவியம் என்னவென்று அவள் யாருக்கும் காட்டவில்லை. முதலில் ஒரு முழங்கை வந்தது. பிறகு பூப்போட்ட சட்டை. பிறகு நீளத் தடி. ஐந்தாம் நாள் முகம் வந்தபோது சபாரத்தினம் கல்லாவை விட்டு ஓடிவந்து, "மலர், உன்ரை மூக்கு!" என்று கூவினார். இரண்டு மாடி உயரத்துக்கு இராசமலர், விடியற்காலை வெளிச்சத்தில், ரோலரோடு. அவளைச் சுற்றித் தகனினி பால் வாங்கிக்கொண்டிருந்தது.

"வந்த முதல் நாளே உன்னை இப்படித்தான் பார்த்தேன். வியாழக்கிழமை நீ அழித்தது உன்னைத்தான்," என்றாள் வெர்னா.

இராசமலர் முந்தானையில்லாத சட்டையில் முகத்தைத் துடைக்க வழியில்லாமல் வெர்னாவின் தோளிலேயே முகத்தை வைத்தாள். நல்ல வேளை, இடது தோள்.

அடுத்த வெள்ளி மாலை வேலை முடிந்தது. வெர்னா தூரிகையை அவளிடம் நீட்டினாள். வலது மூலை வெறுமையாக இருந்தது.

"ஐயோ, எனக்குக் கீறத் தெரியாதே!" என்றாள் இராசமலர். கூட்டம் விடவில்லை. குனிந்தாள். கை தானாகவே போயிற்று, ஒரே இழுப்பில், எங்கும் நிற்காமல். ஐந்து வருசம் அழித்தழித்துப் பழகிய கை அல்லவா! ஒரு நட்சத்திரம், அதற்கு வால்.

குழந்தையைத் தோளில் வைத்திருந்த திலக்சன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். "வால் கொஞ்சம் நீண்டு போச்சு, அன்ரி," என்றான்.

"வாயை மூடு. உன்ரையை விட வடிவு," என்றாள் இராசமலர்.