புகை போடாத சாயங்காலம்

சுற்றுலா முகாமின் சாப்பாட்டு மேசையில் காட்டின் வரைபடத்தை விரித்து, அது சுருளாமல் இரண்டு பக்கமும் தட்டுகளை வைத்திருந்தார் மேலாளர் கபெம்ப்வா. விலங்குகளின் தடம் பார்க்கும் லைசன் எதிரே நின்றான். மறுநாள் நான்கு விருந்தினர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மூன்று நாள் திட்டம் போட்டாக வேண்டும்.

"காலையில எருமை மேடு வரைக்கும் நடை. சரி. ரெண்டாம் நாள் சாயங்காலம் யானை ஆத்தைக் கடக்கறதைக் காட்டணும். எங்க உக்கார வைக்கலாம்?"

"வடக்கு மடுவுல பாக்கலாம் பாஸ்."

"அங்க பத்து நாளா தடமே இல்லைன்னு நீதானே சொன்னே?"

லைசன் வரைபடத்தில் ஆற்றின்மேல் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினான். பிறகு, "அத்திமரத் துறையில கடக்குது. அஞ்சரை மணிக்கு" என்றான்.

லுவாங்வா ஆற்றின் அந்தத் துறைக்கு நேர் எதிர்க்கரையில்தான் அவன் மனைவி எஸ்னாட்டியின் மக்காச்சோளத் தோட்டம் இருந்தது. மழைக்காலச் சோளம் வறட்சியில் கருகிவிட, ஆறு வற்றியதும் வண்டலில் நட்டது. இப்போது கதிர்கள் பால் பிடித்திருந்தன.

"போன தடவை எவனோ மிளகாய்ப் புகை போட்டு யானையைத் திருப்பிட்டான். வந்தவங்க இருமிட்டே திரும்பினாங்க. இந்தத் தடவை புகை வேணாம். எதிர்க்கரை உங்க ஊர்தானே, சொல்லிட்டு வந்துடு."

"அது எங்க தோட்டம் பாஸ்."

"அப்ப இன்னும் சுலபம்" என்றார் கபெம்ப்வா. லைசன் நகராமல் நிற்பதைக் கண்டு குரலைத் தணித்தார். "அடுத்த சீசனுக்கு யாரை எடுக்கறதுன்னு லிஸ்ட் கேக்கறாங்க. உன் பேரை எழுதணும்னுதான் பாக்கறேன்."

லைசன் தோணியில் அக்கரைக்குப் போனபோது எஸ்னாட்டி புகை போடுவதற்காக யானைச் சாணத்தில் மிளகாய்த் தூளைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். எரிச்சலில் கண்கள் சிவந்திருந்தன.

"வா தோக்கோ அப்பா. யானைங்களுக்கு ஒருநாள் லீவு விட்டுட்டாங்களா?" என்றாள், பிள்ளையின் பெயரால் அவனை அழைத்து.

அவன் மேலாளர் சொன்னதைச் சொன்னான். அவள் பிசைவதை நிறுத்தவில்லை.

"எத்தனை பேர் வர்றாங்க?"

"நாலு பேர்."

"நாம வீட்டுல ஆறு பேர்."

"வேலை போயிடும்டி."

"உன் வேலை ஆறு மாசம். மழை வந்தா முகாமை மூடிட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவான். அப்ப என்னத்தைத் திங்கறது?"

லைசன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினான். இளங்கதிர்களை ஒடிக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாவுக்கு ஆகாத கதிர்கள். வேகவைத்து நான்கு நாள் தின்னலாம். இருட்டும்வரை ஒடித்தும் மூன்று சாக்குதான் நிரம்பியது. தோட்டம் அப்படியே நின்றது.

விருந்தினர்கள் வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அத்திமரத்தடியில் கித்தான் நாற்காலிகள் போடப்பட்டன. மேற்கு வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து எதிர்க்கரையில் விழுந்தது. ஐந்தரைக்குப் பதினோரு யானைகள் தண்ணீரில் இறங்கின. குட்டியொன்று ஆழத்தில் தடுமாறியது. தாய் அதை முன்தள்ளியது. அக்கரை ஏறிய யானைகள் வேலியை நூலைப்போல அறுத்துக்கொண்டு சோளத்துக்குள் புகுந்தன. ஒரு விருந்தாளி அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு நிம்மதியாகச் சாப்பிடுகின்றன, யாருடைய தொந்தரவும் இல்லாமல், என்றாள்.

எஸ்னாட்டி அக்கரை மேட்டின்மேல் நின்றிருந்தாள். முதுகில் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் இதையே காட்டச் சொல்றாங்க" என்று கபெம்ப்வா லைசனின் காதருகே குனிந்தார். "வருமா?"

"இங்க வராது பாஸ். தின்ன ஒண்ணும் மிஞ்சாது."

கபெம்ப்வா தொலைநோக்கியை ஆற்றின் கீழ்ப்பக்கம் திருப்பினார். அங்கே இன்னொரு பச்சைத் துண்டு தெரிந்தது.

"அது யாரோட தோட்டம்?"

லைசன் பெயரைச் சொன்னான். மேலாளர் சட்டைப்பையிலிருந்து திட்டத் தாளை எடுத்து, முழங்காலில் வைத்து அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.