மாமிக்காகக் கழற்றிய மூடி

ஞானசேகரத்தின் கம்ப்யூட்டர் இரையத் தொடங்கினால் அவனுடைய மாமியார் வள்ளிநாயகி மேசைக்குக் கீழே போய்விடுவார்.

2007ஆம் ஆண்டு அது. கிபிர் விமானங்கள் குண்டு போட்டதில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த வள்ளிநாயகி, திருகோணமலை அன்புவழிபுரத்தில் மகள் இராசமலரின் வீட்டில் இருந்தார். மருமகன் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். வேலை கெதியாக முடியவேண்டுமென்று பழைய புரொசெசரை அதன் அளவுக்கு மேலான வேகத்தில் ஓடவிட்டிருந்தான். அது கொதிக்கும், உடனே பெட்டிக்குள் விசிறி தூரத்து விமானம்போல இரையும்.

"கிபிர் இல்லை மாமி, விசிறி."

"ஓம் தம்பி, எனக்கு விளங்குது. காலுக்குத்தான் விளங்குதில்லை."

அவன் வேகத்தைக் குறைத்தான். வேலைகள் தேங்கின. அதைக் கண்ட மாமி, "எனக்காகப் பாக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு, அவன் வேலை செய்யும் நேரமெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய் இருக்கத் தொடங்கினார். ஒருநாள் இராணுவத்தினர் அந்தத் தெருவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். பொழுதுபட்ட பிறகுதான் அவரால் வீடு திரும்ப முடிந்தது. அதுவரை இராசமலர் வாசலிலேயே நின்று அழுதாள்.

மறுநாள் ஞானசேகரம், கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தன் நண்பன் சரீப்பிடம் போனான்.

"சிப்புக்கும் மேல் மூடிக்கும் இடையில இருக்கிற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும்" என்றான் சரீப். "மூடியைப் பிளேடால அறுத்துக் கழட்டிப் புதுசு பூசினாச் சூடு இறங்கும். ஆனா பிளேட் வழுக்கினா புரொசெசர் முடிஞ்சுது."

வீட்டுக் குசினியில், சமையல் மேசையில், நல்ல வெளிச்சத்தில், ஞானசேகரம் புரொசெசரைப் பெட்டியிலிருந்து கழற்றி வைத்து, சவர பிளேடால் மூடியின் ஓரத்துப் பசையை அறுக்கத் தொடங்கினான். இராசமலர் பக்கத்தில் நின்று பார்த்தாள். மாமி ஓடி வந்தார்.

"ஐயோ தம்பி, உழைக்கிற சாமானைப் பழுதாக்காதேங்கோ! நான் பழகிக்கொள்ளுவன்."

"மூண்டு பக்கம் அறுத்தாச்சு மாமி."

நாலாவது பக்கத்தில் பிளேட் சட்டென்று உள்ளே இறங்கியது. மூவரும் அசையவில்லை. மெல்ல நெம்பியதும் மூடி கழன்றது. உள்ளே இருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல உதிர்ந்தது. சிப்பில் கீறல் எதுவும் இல்லை. துடைத்து, புதிதாகப் பூசி, மூடியைத் திரும்ப வைத்து, புரொசெசரைப் பெட்டியில் பூட்டினான்.

திரை ஒளிர்ந்ததும் இராசமலர் கை தட்டினாள். அவன் வேகத்தைப் பழைய அளவுக்கும் மேலே கொஞ்சம் ஏற்றினான். சூடு முன்பைவிட நன்றாகக் குறைந்திருந்தது. விசிறி மெதுவாகவே சுற்றியது. இன்னும் ஏற்றிப் பார்த்தான். அது லேசாக இரைந்ததும் உடனே இறக்கிவிட்டான்.

"இப்ப ஓடுதோ?" என்று கேட்டார் மாமி.

"ஓடுது."

அவர் நம்பாமல் பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் குச்சவெளிக் கலியாணம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, மாப்பிள்ளையின்ர தாயையும் கொஞ்சம் காட்டுங்கோ. பாவம், மூலையில நிக்குது."

ஞானசேகரம் சிரித்துக்கொண்டே அந்தக் காட்சியை நீட்டினான்.