இரண்டு பட்டை கூடுதல்

பர்கூர் கிரானைட் கல்லைக் கூடுதலாக ஏற்றத் தஸ்லிம் தன் லாரியின் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்த்தார். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது தானாக நேருக்கு வருவதில்லை.

அலைன்மென்ட் கடை கோவிந்தன் அளவுச் சீட்டை நீட்டினார். "சக்கரம் நேராத்தான் நிக்குது பாய். பின்னாடி தூக்கிட்டதால முன் அச்சு சாஞ்சிருக்கு. அதான் ஸ்டீயரிங் தானா திரும்பல."

"லோடு ஏத்தினா?"

"பின்பக்கம் இறங்கி அளவு சரியாயிடும். ஆனா, அனுமதிக்கு மேல மூணு டன் ஏத்தணும்."

தஸ்லிமின் முகம் மலர்ந்த வேகத்தில் வாடியது. அவ்வளவு ஏற்றினால் ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் எடை போட்டுப் பிடிப்பார்கள். பட்டையைக் கழற்றினால், கூடுதல் கல் ஏற்ற முடியாதென்று குவாரிக்காரர் வேறு லாரியைக் கூப்பிடுவார்.

"காலியா ஓட்டினா?"

"நான் ஏற மாட்டேன்."

வாசலில் நெடுஞ்சாலை இரைந்தது. காலி லாரியின் சாவியோடு தயங்கிய தஸ்லிம், "வீடு வரைக்கும் பாரமா ஏதாச்சும் இரவல் கொடுங்களேன்" என்றார்.