கால் அங்குலக் கம்பி

சுரங்கத்து நடைபாலங்களுக்கு அடிப்பதற்கென்று அந்தச் சாம்பல் நிற பெயிண்ட் 1984 பங்குனியில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. சோதித்தவள் தமயந்தி, எட்டு வருட சர்வீஸ். தகரத் துண்டுகளில் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, அதில் ஒரு துண்டை, கால் அங்குலக் கம்பியில் வைத்து வளைத்தாள். வளைவு நெடுக பெயிண்ட் விண்டது. இன்னொன்றில் பிளேடால் நூறு கட்டங்கள் கீறி, டேப்பை ஒட்டி இழுத்தாள். நாற்பத்திரண்டு கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டன. பக்கத்து மேஜை பரமசிவத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது தேறாதும்மா" என்றார் அவர்.

அப்படியே அறிக்கை எழுதினாள். மாலையில் அதிகாரி தெய்வசிகாமணி கூப்பிட்டார்.

"ஒரு அங்குலக் கம்பியில வளைச்சு எழுதிக் குடுங்க."

"அவ்வளவு தடிமன்ல வளைச்சா எந்த பெயிண்டும் விரிசல் விடாது சார்."

"ஆர்டர் போயாச்சும்மா."

"நான் எழுத மாட்டேன் சார்."

அவர் தலையை ஆட்டினார். அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஐப்பசி மழைக்கே பாலங்களில் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது. விசாரணை வைத்தார்கள். கோப்பில் அவள் அறிக்கை இல்லை. வேறொன்று இருந்தது: 'தேறியது'. சோதித்தவர், தமயந்தி.

"இது நான் எழுதினதில்லைங்க. பரமசிவம் சாரைக் கேளுங்க, அவர் பார்த்தார்."

பரமசிவம் வந்தார். "நான் கவனிக்கலைங்க. என் வேலையில இருந்தேன்."

சைக்கிள் ஸ்டாண்டில் அவரை மறித்தாள். "அண்ணாச்சி, நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்மா. பிரமோஷன் லிஸ்ட் தெய்வசிகாமணி சார் கையில இருக்கு. ரிட்டயராக மூணு வருசம்தான். நான் என்ன செய்ய?"

தமயந்திக்கு மெமோ வந்தது. சோதனைக்கான நிலக்கரி மூட்டைகள் வந்து இறங்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். பட்டியல் வந்தபோது பரமசிவத்தின் பெயர் அதில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைச் சுமந்துகொண்டு அவள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்.

"பிள்ளைகளுக்கும்மா."

"உட்காருங்க அண்ணாச்சி, காப்பி தாரேன். பழத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிடுங்க."

காப்பியைக் குடித்தார். போகும்போது பழத்தை வாசலிலேயே விட்டுப் போனார். இரண்டு நாள் அவள் அதைத் தொடவில்லை. வீடெல்லாம் மணத்தது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அவளே அதை அறுத்தாள்.