வேதாச்சலம் அளந்த நிழல்

சித்தூர் சந்தப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் வேதாச்சலம் வீட்டுக்கும் நடுவே ஆறடிச் சுவர் ஒன்றுதான். சுவருக்கு வடக்கே அவர்கள் பின்முற்றம். நீளம் பதினாலடி, அகலம் ஒன்பதடி. நான் அளக்கவில்லை, அளந்தவன் அவன்தான். கலெக்டர் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். ஆந்திரா தனி மாநிலமாகி மூன்றாவது வருஷம் அது. எந்த ஊர் மெட்ராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று ஓயாத சண்டை. அத்தனை ஊருக்கும் இவன் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி யசோதாவுக்கு க்ஷயரோகம். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி போட வந்த கம்பவுண்டருக்கு நான் ஒரு சொம்பு மோர் கொடுத்தேன், விஷயம் வெளியே வந்தது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, அதற்கும் நானே பொறுப்பு. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க ஆடி மாதம் ஆகுமாம். அதுவரை பகலெல்லாம் வெளிக்காற்றில் படுக்க வேண்டும், ஆனால் வெயில் படக்கூடாது. இந்தக் கோடை வெயிலில் கிடந்தால் ஆடியைப் பார்க்கமாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முற்றமோ சுவரடியில் ஒரு சாண் தவிர முழுக்கக் கல் பாவியது. ஒரு புல் கிடையாது. வீட்டுக்காரர் திருப்பதியில் இருந்தார். வேதாச்சலம் மூன்று தடவை பஸ் ஏறிப் போய்க் கெஞ்சினான். கல்லைப் பெயர்க்கக்கூடாது, கீற்றுப் பந்தல் போட்டால் தீப்பிடிக்கும் என்று மூன்று தடவையும் ஒரே பதில். துணி கட்டிப் பார்த்தான். காற்றில் கிழிந்தது.

மார்கழிக் கடைசியில் ஆபீசுக்கு எட்டு நாள் லீவு. ஆள் சுண்ணாம்புக்கட்டியோடு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டான். மணிக்கு ஒருதரம் சுவரின் நிழல் விழுகிற இடத்தில் கோடு கிழித்தான். உச்சி வேளையில் ஆறடிச் சுவர் நிழல் பாதி முற்றம் வந்தது. அப்படியானால் சுவரை இரட்டிப்பாக்கினால் முற்றம் முழுக்க நிழல். சுவர்மேல் மூங்கில் கட்டி, அடியில் சாண் அகலத்துக்கு இருந்த மண்ணில் சுரை விதைத்து ஏற்றுவது என்று திட்டம். படம் கூட வரைந்திருந்தான். கட்டில் இங்கே, தண்ணீர்ப் பானை அங்கே, ஓரத்தில் இரண்டு தொட்டி துளசி.

"அக்கா, ஒரு ஒத்தாசை. நீங்க குளிக்கிற தண்ணி வீணா தெருவுக்குத்தான போவுது? சுவர்ல ஒரு ஓட்டை போட்டா என் கொடிக்கு வரும்."

"ஓட்டை வழியா உங்க வீட்டுக் காத்து இங்க வராதா, வேதாச்சலம்?"

"தண்ணி கீழ் பக்கம் போவும். காத்து மேலே போவும்க்கா."

என் வீட்டுக்காரர் சிட்டிபாபு வேண்டாம் என்றார். நான் சம்மதித்தேன். தர்மசிந்தனை என்று நினைக்காதீர்கள். ஓட்டை இருந்தால் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

தை முதல் நாள், சூரியன் வடக்கே திரும்புகிற நாள் என்று தெருவே பொங்கல் வைத்தது. வேதாச்சலமும் அதே முற்றத்தில், சுண்ணாம்புக் கோடுகளின் நடுவே பானை வைத்துக் கும்பிட்டான். வடக்கே போகிற சூரியனின் நிழல் எந்தப் பக்கம் போகும் என்று அவனும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

சுரை தளதளவென்று ஏறியது. காய் காய்த்தது. அந்த வீட்டுக் காயைத் தெருவில் ஒருத்தியும் வாங்கித் தின்னவில்லை. எல்லைப் படங்கள் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஆபீசிலேயே கிடந்தான். விடிந்து போவான், விளக்கு வைத்து வருவான்.

நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசியில் நிழல் பாதியாகச் சுருங்கியது. பங்குனியில் சுவரடிக்கு வந்தது. நிழலைத் துரத்திக்கொண்டு யசோதாவின் கட்டிலும் நகர்ந்தது.

"இன்னா இங்க போட்டுக்கினு இருக்கே?" என்று ராத்திரி அவன் கேட்பான்.

"இங்கதான் காத்து வருது" என்பாள். கை வலிக்க வலிக்க அவன் கட்டிய மூங்கிலைப் பார்த்து வேறென்ன சொல்லுவாள்?

சித்திரை பாதி தாண்டியதும் நிழல் சுவரைத் தாண்டி என் வீட்டுப் பக்கம் இறங்கியது. குளுகுளுவென்று இரண்டடி அகலம். முறத்தைப் போட்டு அங்கேயே அரிசி பொறுக்கினேன். அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்னி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு மத்தியானம் வந்தான், தோட்டத்தை உச்சி வேளையில் பார்க்கும் ஆசையோடு. யசோதா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் என் வாசலில் நின்றான். உள்ளே வந்து நிழலைப் பார்த்தான், முறத்தைப் பார்த்தான்.

"அக்கா, நிழல் இங்க இருக்குது."

"ஆமா."

"அவ கட்டில இங்க போட்டுக்கட்டுமா? ஆடி வரைக்கும்தான். உங்க கால்ல வேணா விழறேன்."

"மருமவ மாசமா இருக்காளேப்பா. எப்படி ஒத்துக்கறது?"

தலையாட்டிவிட்டுப் போனான். கோபித்திருந்தால் கூடத் தேவலை.

பிறகு சுவரின் மேல் கத்தி அறுக்கும் சத்தம். மூங்கிலின் கட்டுகளை அறுத்து, கொடியைத் தன் பக்கம் பந்தலாகச் சாய்க்கப் பார்க்கிறான். "மெதுவாங்க, மெதுவா" என்றாள் யசோதா. சுரைத்தண்டு நீர் கோத்தது, அதற்கு வளையத் தெரியாது. மடக்கென்று அடியில் முறிந்தது. முறிந்த இடத்தைச் சேர்த்து வைத்து அவன் துணியால் கட்டுவதை ஓட்டை வழியாகப் பார்த்தேன், எலும்புக்குக் கட்டுவதுபோல.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் இலைகள் அப்பளமாகச் சுருண்டுவிட்டன. அவன் ஆபீசுக்குப் போய்விட்டான், மேற்கொண்டு லீவு கிடையாது. முறத்தோடு உட்கார்ந்தேன். உச்சி மண்டையில் வெயில். சுவருக்கு அப்பாலிருந்து யசோதா கேட்டாள், இருமலுக்கு நடுவே:

"அக்கா... உங்க பக்கமும் வெயில் வந்துடுச்சா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருப்பேன். நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள்.

"வந்துடுச்சிம்மா" என்றேன்.

எங்கள் பின்கட்டில் ஓடு போட்ட தாழ்வாரம் இருக்கிறது. வருஷம் முழுக்க நிழல். நேற்றும் இருந்தது.

மருமகளின் துணிகளைப் பையில் திணித்தேன். நகரியில் அவள் அம்மா வீடு, பிரசவத்துக்கு எப்படியும் போகிறவள்தான், பத்து நாள் முன்னால் போனால் ஒன்றும் குறையாது. சிட்டிபாபு "இன்னாடி பண்றே?" என்று கத்தினார்.

"வந்து கட்டில ஒரு பக்கம் புடிங்க."

தெருவில் நாலு கதவு திறந்தது. என்ன பேசப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? சுவருக்கு அந்தப் பக்கம் போய் யசோதாவின் கட்டில் தலைமாட்டை நான் பிடித்தேன். அனலாய்க் கொதித்தது. யசோதா கண்ணைத் திறக்கவில்லை. கால்மாட்டைப் பிடிக்க இன்னும் யாரும் வரவில்லை.