ஓடையைத் தாண்டியவள்

செத்து ஓராண்டான நூர்சாத்துக்கு, இஸிக்-குல் ஏரிக்கரையில் எங்கள் ஊர் மன்றத்துத் திரையில் முன்பல் முளைத்தது. ஏழு வயதில், பல் விழுந்த வாயோடு அவள் நடித்த படம் அது. அனாதைச் சிறுமி ஒருத்தி வளர்ந்து, மணமாகி, ஊரைவிட்டுப் போகும் கதை. படப்பிடிப்பு முடிந்த குளிர்காலத்திலேயே காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. படச்சுருள் ஒன்று ஊருக்குக் கிடைத்தது. ஆண்டுதோறும் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்து முடித்த மறுநாள் மதியம் அதைப் போடுவோம். அடுத்த ஆண்டு அவள் கவுன் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. படம் ஓட்டும் குபாத் தலைநகருக்கு எழுதிக் கேட்டான். எடுத்து முடித்த படம் வளராது, வைத்தியரிடம் கண்ணைக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. யாரும் காட்டவில்லை. எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

அவள் தாய் அனார்குல் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து பேர்சொல்லிக் கூப்பிடுவாள். மகள் எங்கெங்கோ பார்ப்பாள், இந்தப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள்.

"அது வெறும் படம்க்கா, காது கேக்காது" என்பான் குபாத்.

"பல்லு முளைக்குது, காது மட்டும் கேக்காதா? நீ மெஷினைப் பாருடா" என்பாள்.

கதைப்படி சிறுமி ஓடையைத் தாண்டுவாள். மறுகரையில் வளர்ந்த பெண்ணாக இறங்குவது ஒரு நகரத்து நடிகை. பதின்மூன்றாம் ஆண்டு அங்கேயும் நூர்சாத்தே இறங்கினாள். நடிகை என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை முக்காட்டோடு மணப்பெண்ணாக லாரியில் ஏறினாள். எங்களில் பெண்ணை அனுப்பும்போது தாய் அழுது பாடவேண்டும், அனாதைக்கு யார் பாடுவார்? அனார்குல் எழுந்து நின்று பாடினாள். அத்தனை ஆண்டுத் தனிமையும் அந்தப் பாட்டில் இருந்தது, கேட்ட எங்களால் தாங்க முடியவில்லை. லாரி கிளம்பியது. மகள் திரும்பவில்லை.

அப்போதுதான் அனார்குலுக்கு நினைவு வந்தது. படப்பிடிப்பில், கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்துப் பார்த்தே மகள் நான்கு முறை காட்சியைக் கெடுத்தாள். "இந்தப் பக்கம் திரும்பினே, காலை ஒடிச்சிருவேன்" என்று அதட்டியது அவள்தான்.

"திரும்புடி கண்ணு! ஒடிக்க மாட்டேன்டி!" என்று கத்தினாள்.

நூர்சாத் திரும்பினாள். லாரி மறையும்வரை தாயைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அனார்குல் போய்ச்சேர்ந்து ஒன்பது ஆண்டாகிறது. படத்தை இப்போதும் போடுகிறோம். நூர்சாத்துக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. லாரி கிளம்பியதும் மூன்றாம் வரிசை ஓரத்தைத்தான் தேடுகிறாள். அதனால் குபாத் அனார்குலின் சிவப்பு மேலங்கியை அந்த நாற்காலியில் போட்டுவைக்கிறான். அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பவளுக்கு இதுவரை அது போதுமாக இருக்கிறது.