வண்டிக்கு வைத்த பொட்டு

செத்தவன் காரை ஓட்டாதே என்று தோட்டத்து லயத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட வேறு கார் தருகிறேன் என்று சொல்லவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்! அர்ஜுனன் ஏறினான்.

கார் அவன் அண்ணன் சன்னாசியுடையது. கெர்லிங்குக்கும் கோலகுபுவுக்கும் நடுவே வாடகைச் சவாரி ஓடிய பழைய கறுப்பு வண்டி. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மேட்டு வளைவில் ஏறமாட்டாமல் அது நின்றுவிட்டது. ரப்பர் மரங்களுக்குப் பின்னால் கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். எந்த வெள்ளைக்காரத் துரைக்காகவோ காத்திருந்ததாகப் பிற்பாடு பேச்சு. துரை வரவில்லை. முன்னால் போன லோரி தப்பியது, நின்ற வண்டி அகப்பட்டது. சன்னாசியைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அர்ஜுனன் ஓட்டத் தொடங்கிய பிறகும் கார் அதே வளைவில்தான் திணறியது. சில நாள் இருமி இருமி ஏறிவிடும். வெள்ளிக்கிழமை என்றால் நின்றே போகும். அவன் வெள்ளிக்கிழமைச் சவாரியையே விட்டுவிட்டான். நிற்கும்போது மரத்தில் ஒரு இலை அசையாது. பின் இருக்கையில் யாரோ மூச்சு வாங்குவது கேட்கும். கண்ணாடியைப் பார்க்க மாட்டான். பார்த்தால் அண்ணன் இருப்பான் என்ற பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். சொல்கிறவர் அந்த மேட்டில் நின்றுபோன வண்டிக்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. கோழி கூவும் முன்பே அவன் மனைவி சின்னத்தாய்க்கு வலி கண்டுவிட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை கால் மாறிக் கிடக்கிறது, கோலகுபு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று சொல்லிவிட்டார். போகிற வழி அந்த வளைவு ஒன்றுதான். அவசரகாலச் சட்டப்படி, தோட்டத்தைச் சுற்றிய முள்வேலிக் கதவை விடிந்த பிறகுதான் திறப்பார்கள். அதற்குள் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்குகளையாவது மாற்றிவிடலாம் என்று அர்ஜுனன் லயத்து வாசலிலேயே பானெட்டைத் தூக்கினான். ராசா டவுனில் உதுமான் காக்கா கடையில் என்றைக்கோ வாங்கி வைத்த புதுப் பிளக்குகள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன.

பழையதைக் கழற்றி விளக்கருகே பிடித்தான். வெள்ளைப் பீங்கான்மேல் மஞ்சளும் சந்தனமும் ஏடு ஏடாக அப்பியிருந்தன, நடுவில் குங்குமப் பொட்டு. அதை இதற்கு முன்னும் பார்த்திருக்கிறான். ஆயுத பூசைக்கு ரப்பர் மரம் சீவும் கத்திக்கும் பால்வாளிக்கும் வைக்கிற பொட்டுதானே. சாமிக்கு வைத்ததைக் கோளாறு என்று எவன் நினைப்பான்? ஆனால் இன்று அந்தப் பூச்சின்மேல் மேலிருந்து கீழே மயிரிழை போல ஒரு கரிக்கோடு தெரிந்தது. மோந்து பார்த்தான். தீய்ந்த வாடை அடித்தது. மற்றவற்றிலும் அதே கோடு.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினுக்குள் விழவேண்டிய பொறி, பூச்சின் ஈரத்தைப் பிடித்து வெளியே இறங்கி ஓடியிருக்கிறது. சமதரையில் எஞ்சின் சமாளித்துக்கொள்ளும். மேட்டில் இழுக்கும்போது செத்துவிடும். அந்தப் பாதையில் அத்தனை பெரிய மேடு அது ஒன்றுதான். பேயுமில்லை, பிசாசுமில்லை! இத்தனை மாதம் பயந்து செத்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பூச்சு ஒட்டிய பிளக்குகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதியவற்றை முறுக்கினான்.

"மூடிறாதீங்க தம்பி."

சன்னாசியின் மனைவி வேலம்மா தலைமுழுகிய ஈரத்தோடு வந்து நின்றாள். வெறும் நெற்றி. கையிலிருந்த தட்டில்தான் மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் குழைத்து வைத்திருந்தாள்.

"இத வைக்கிறது நீங்களா அண்ணி?"

"யாருக்கும் தெரியாமத்தான் வைக்கிறேன். தாலியறுத்தவ குங்குமத்தத் தொடலாமான்னு கேப்பாங்கல்ல. எனக்குத்தான் இல்லேன்னு ஆயிருச்சு, வண்டிக்காவது இருக்கட்டும்."

"அண்ணன் போனதுலேருந்தா?"

"இல்ல தம்பி, வண்டி வாங்குனதுலேருந்து. வெள்ளிக்கெழம தவற மாட்டேன். வண்டியோட உசுரு இந்த எடத்துலதான் இருக்குன்னு அவருதான் காட்டுனாரு. அவரு போன அன்னிக்குக்கூட, அவரு சட்ட மாட்டுறதுக்குள்ள ஓடியாந்து வச்சேன். நல்லா கெட்டியா வச்சேன்."

அர்ஜுனன் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டான்.

"ஏன் தம்பி, வச்சது தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல அண்ணி. ராத்திரி அண்ணன் கனவுல வந்தாரு. வண்டிக்கு இனிமே பொட்டு வேணாம், டயருக்கு எலுமிச்சம்பழம் மட்டும் வச்சாப் போதும்னாரு." பொய் எங்கிருந்துதான் வந்ததோ, தடங்கலில்லாமல் வந்தது.

வேலம்மாவின் முகம் மலர்ந்தது. "என்னயப் பத்தி எதுவும் சொன்னாரா?"

"உங்கள நல்லாப் பாத்துக்கச் சொன்னாரு."

அவள் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடி எலுமிச்சம்பழம் எடுத்து வந்தாள்.

கதவு திறந்ததும் புறப்பட்டார்கள். பின் இருக்கையில் வேலம்மாவின் மடியில் சின்னத்தாய் படுத்துக் கிடந்தாள். பனி இன்னும் விலகவில்லை. வளைவு வந்தது. அர்ஜுனன் வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான். கார் ஒரு இருமல் இல்லாமல், ஒரு குலுக்கல் இல்லாமல் மேட்டில் ஏறிக்கொண்டே போனது.

"ஏங்க, தாண்டிட்டமா?" சின்னத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"தாண்டிட்டோம்மா. இனிமே இறக்கந்தான்."

அவன் முதல்முறையாக அந்த இடத்தில் துணிந்து கண்ணாடியைப் பார்த்தான். அண்ணன் இல்லை. வேலம்மாதான் இருந்தாள். மஞ்சள் படிந்த தன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமதான தம்பி?"

"ஆமா அண்ணி."

"இன்னிக்கு நான் வைக்கல. வண்டியும் நிக்கல."

அர்ஜுனன் பாதையைப் பார்த்து ஓட்டினான். இறக்கத்தில் சட்டைப்பைக்குள் பழைய பிளக்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வெகுதூரம் போன பிறகு அவள் மறுபடியும் கேட்டாள்.

"நெசமாச் சொல்லுங்க தம்பி. உங்கண்ணன் என்னயப் பத்தி என்ன சொன்னாரு?"